கேமரா ஓடும்போது ‘வாங்க’ சொல்லக் கூடாது

முதல் நாள் எடுத்த காட்சிகளை வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்திருந்தேன். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தாராபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தன் முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கிறாள், கட்டுகிறாள், கிணற்று மோட்டாரைப் போடுகிறாள், மாட்டைத் திட்டுகிறாள். எல்லாம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ஆனால் எந்த இடத்தைத் தொட்டாலும் அத்தை சட்டென்று நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்து “வாங்க” என்கிறாள்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் எடுக்கலாம் என்று போனால் அங்கேயும் ஒரு “வாங்க.” பேட்டரி மாற்றப் போய்விட்டு வந்தால் அதற்கு ஒன்று. ஒலிப்பதிவு செய்ய வந்த என் நண்பர் நீளக் கழியில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி என் பின்னாலேயே வந்தார். அவருக்குத் தனியாக, “தம்பி, வாங்க.” காய் பறிக்க வந்திருந்த ஐந்து பெண்களும் எனக்கு ஆளுக்கொன்று, அவருக்கு ஆளுக்கொன்று. போதாக்குறைக்கு அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் “வந்தனுங்க, வந்தனுங்க” என்று பதில் வேறு சொல்லியிருந்தார். மைக் அவர் கையில். எல்லார் குரலையும்விட அவர் குரல்தான் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

கோபத்தில் அவருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் கோவை உக்கடத்துக்காரர். வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கடிகாரம் பழுது பார்க்கிறார்கள், அதனால் நிதானம் ரத்தத்திலேயே இருக்கிறது. “வயசுல பெரியவங்க வாங்கன்னு சொல்றாங்க. நான் கம்பத்தைப் புடிச்சுட்டுக் கம்பமாட்டம் நிக்கட்டுங்களா? எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டாருங்க,” என்றார். அவர் அத்தா என்றது அவருடைய அப்பாவை. போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒருவர் வந்தால் அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவரைத் தனித்தனியாக வாங்க என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குச் செல்லாது. வந்தவரும் ஒவ்வொருவருக்கும் தனியாக “வந்தனுங்க”, அதாவது வந்தேன், என்று சொல்ல வேண்டும். நாலு பேராக ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் உட்காருவதற்குள் வாய் வலித்துவிடும். யாராவது ஒருவர் கேட்காமல் விட்டுவிட்டால் அது மறக்கப்படாது. பந்தியில் உப்பு இல்லை என்றால் மன்னித்துவிடுவார்கள், வாங்க சொல்லவில்லை என்றால் அடுத்த தலைமுறைக்கும் சொல்லிவைப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, யாரும் கேமராவைக் கண்டுகொள்ளாத படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுக்கிறவள் நான். அதிலும் கேண்டிட். கேண்டிட் என்றால், கல்யாணப் பெண்ணை ஜன்னல் பக்கத்தில் நிறுத்தி, நாங்கள் இருப்பதே தெரியாத மாதிரி வெளியே பாருங்க என்று ஏழு தடவை பார்க்க வைப்பது. மாப்பிள்ளை தற்செயலாகத் திரும்புவதை மூன்று கோணத்தில் எடுப்போம். பெருந்துறையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் நான் பார்க்காத மண்டபம் இல்லை, நான் திரும்ப வைக்காத மாப்பிள்ளையும் இல்லை. பொய் சொல்லிச் சம்பாதிக்கிறோமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவையில் திரைப்பட ஆர்வலர்கள் போட்ட ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பார்க்கிற வரைக்கும்.

அதன் பெயர் மறந்துவிட்டது. ஒரு பேக்கரியில் ஒரு பெண் வேலை செய்கிறாள், அவ்வளவுதான் படம். கதை கிடையாது, வசனம் எழுதியவர் கிடையாது, பாட்டு கிடையாது. மாவு பிசைகிறாள், மகனைப் போனில் திட்டுகிறாள், கைக்கு மருந்து போட்டுக்கொள்கிறாள். படம் முடிகிறபோது அவளை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும் போலிருந்தது. வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே, என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது யாரையும் திரும்ப வைக்காமல் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் தலைகீழாக நிற்பேன். என் அம்மாவைக் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்வார்.

யாரை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. அத்தைதான். மாமா இறந்த பிறகு தனியாளாக ஆறு ஏக்கர் முருங்கையை ஓட்டுகிறவள். மகன் பெங்களூரில். மரத்தோடு பேசுவாள், காற்றாலையோடு சண்டை போடுவாள். தோட்டத்தைச் சுற்றி நிற்கிற அந்தக் காற்றாலைகள் சுற்றினால், “சுத்து, சுத்து, என்ற பூவையெல்லாம் உதுத்துப்போடு,” என்று கையை ஓங்குவாள். இப்படி ஒருத்தி இருக்கும்போது வசனம் எழுதுகிறவர் எதற்கு?

ஒரே ஒரு சிக்கல். அத்தையும் அப்பாவும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

காரணம் அதே வாங்கதான். அத்தை முருங்கையில் சம்பாதித்துத் தோட்டத்திலேயே வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். அப்பா கோவை கணபதியில் சின்னதாக ஒரு மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார், எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். பிறந்த வீட்டுச் சீர் என்று பதினோரு தட்டு எடுத்துக்கொண்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துச் சமையல் பந்தலில் பால் திரிந்துவிட்டது என்று அத்தை பின்பக்கம் ஓடியிருந்தாள். வாசலில் நின்றவர்கள் மாமா வழி ஒரம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், அவர்களுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. கால் மணி நேரம் தட்டோடு நின்றார் அப்பா. யாரும் வாங்க சொல்லவில்லை. தட்டுகளை பெஞ்சு மேல் வரிசையாக வைத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அத்தை வந்து பார்த்தபோது தட்டு இருந்தது, அவள் ‘சாமி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிற தம்பி இல்லை.

“ஒரு வாய் வார்த்தை வாங்கன்னு சொல்ல ஆளில்லை” என்பது அப்பாவின் கட்சி. “என்ற ஊட்டுக்கு வந்துபோட்டு ஒரு வாய் சாப்புடாம, சொல்லிக்காமப் போனான்” என்பது அத்தையின் கட்சி. இரண்டு பேர் சொல்வதும் நியாயம், அதனால் தீர்த்துவைக்க யாராலும் முடியவில்லை. அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் என்று அக்கா தம்பிக்குப் பக்கத்தில் நின்று செய்கிற சடங்கை அத்தைதான் செய்தாள். அந்தப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருக்கிறது. அதை அப்பா கழற்றவும் இல்லை, அந்தப் பக்கம் பார்ப்பதும் இல்லை.

படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா தடுக்கவில்லை. ஒவ்வொரு முறை நான் திரும்பி வந்ததும், டிவியைப் பார்த்தபடியே ஏதாவது கேட்பார். “அந்தக் கெணத்துல தண்ணி நிக்குதா?” “மோட்டாரு அதே பழசுதானா?” அத்தை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்க மாட்டார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இரண்டாம் முறை போனபோது அத்தையை உட்கார வைத்து வகுப்பெடுத்தேன். யார் வந்தாலும் நிமிரக் கூடாது. கேமராவைப் பார்க்கக் கூடாது. கேமரா ஓடும்போது வாங்க சொல்லக் கூடாது. நான் “போதுங்க அத்தை” என்று சொன்ன பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

“வந்தவங்களைக் கேக்காம எப்புடி அம்மணி இருக்கறது? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தா என்னை மனுசின்னு மதிப்பாங்களா?”

“படத்துக்குங்க அத்தை.”

“எத்தனை நாளைக்கு?”

“ஒரு வருஷம்.”

அத்தை என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாமல் இருப்பது ஏன் என்று புரிந்துவிட்டது போலிருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அத்தை ஒன்றை ஒத்துக்கொண்டால் செய்துவிடுவாள். பால்காரர் வந்தார், தலை குனிந்தே இருந்தாள். காய் ஏற்ற வண்டிக்காரர் வந்தார், பக்கத்துத் தோட்டத்து அம்மா மோர் கேட்டு வந்தார், அத்தை வாயை இறுக்கிக்கொண்டு கட்டுக் கட்டினாள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியதைக்கூட நான் எடுத்திருக்கிறேன். அப்புறம் நான் “போதுங்க அத்தை” என்றதும், கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “ஆச்சா? இப்பச் சொல்லலாமா?” என்று என்னைக் கேட்பாள். சரி என்றதும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுவாள். “வாங்க, வாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, இந்தப் புள்ளை படம் புடிக்கிறா, வாங்க, தண்ணி குடிங்க.” நண்பர் கழியைக் கீழே வைத்துவிட்டுத் தன் பங்குக்கு வாங்கிக்கொள்வார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காட்சிகள் அந்த பேக்கரிப் படம் மாதிரியே வந்துகொண்டிருந்தன. மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள், யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. அது எந்த ஊர் நடப்பு என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சித்திரை மாதம், ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ போயிருந்தபோது, அத்தையின் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. மரமெல்லாம் பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம். உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு நாலு நாள் ஆகும் என்றார். அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். அப்பா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். “எத்தனை எச்.பி.ன்னு கேளு,” என்று அவர் குரல் கேட்டது. சொன்னேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து அத்தை காய் கட்டிக்கொண்டிருந்தாள். கேமராவை எதிரில் ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டிருந்தேன். வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி நின்றது. இறங்கியவர் என் அப்பா. வண்டிக்குள் ஒரு மோட்டாரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். மோட்டார் மாற்ற வருகிறவர் அழுக்குச் சட்டையில் வர வேண்டும். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

கேட்டைத் திறந்து உள்ளே நாலு எட்டு வைத்து நின்றார். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு காயைக் கட்ட ஆரம்பித்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? “போதுங்க அத்தை” என்று ஒரு வார்த்தை. இரண்டு நொடிகூட ஆகாது. நான் அதைச் சொல்லவில்லை. கேமராச் சட்டத்துக்குள் முன்னால் அத்தையின் கை, பின்னால் வெயிலில் வெள்ளைச் சட்டையோடு அப்பா, நடுவில் ஒன்பது வருஷம். இப்படி ஒரு காட்சி இனிமேல் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக ஜூம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அத்தை கட்டிய கட்டையே அவிழ்த்து மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள். என் நண்பர் மைக்கைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் அத்தை நேராகக் கேமராவைப் பார்த்தாள். “அம்மணி, ஆச்சா? இப்பச் சொல்லலாமா?”

கேமராவைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டேன். அத்தை எழுந்தாள், மடியிலிருந்த காயெல்லாம் கீழே சிதறியது. “வா சாமி. வா.”

அப்பா நின்றார். திரும்பினார். ஆனால் அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். “ஸ்டார்ட்டர் எங்கிருக்குது?”

வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, பனியனோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்து மதியம் வரைக்கும் வேலை செய்தார். புது மோட்டார் போட்டு, ஒயரெல்லாம் மாற்றி, தண்ணீர் கொட்டியதும் கையைக் கழுவினார். அத்தை அதற்குள் இலை போட்டு வைத்திருந்தாள். கூப்பிட வந்தவளிடம், “ஊட்டுல ஆக்கியிருப்பாங்க,” என்று கிணற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எரிந்த மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

போட்ட இலையை அத்தை எடுக்கவே இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்து, “நான் வான்னு சொன்னேன். அவன் வந்தேன்னு சொல்லலையே அம்மணி,” என்றாள். இலையில் உட்கார்ந்த ஈயை ஓட்டிவிட்டு, “நீதான் அவனைப் படத்துக்குக் கூட்டியாந்திருக்கேன்னு நெனச்சுப்போட்டேன். கெடுத்துறக் கூடாதுன்னு நீ சொன்னபடியே இருந்தேன்,” என்றாள். என்னைக் குறை சொல்லும் குரலே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விளக்கினேன். நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன், தப்பு என் மேல்தான் என்று கெஞ்சினேன். அப்பா நம்பவில்லை.

“படம் எடுத்தா வந்தவங்களை வாங்கன்னு கேக்கக் கூடாதா? உலகத்துல எங்காச்சும் இருக்குதா அப்புடி?” என்றார். “சரி, அப்புடியே இருக்கட்டும். என்னை வான்னு சொல்றதுக்கு ஒரு சின்னப் புள்ளைகிட்ட உத்தரவு கேக்கோணுமா அவ?”

முன்னால் இருந்தது ஒரு மனஸ்தாபம். அதன் மேல் இன்னொன்றை நான் கட்டி வைத்துவிட்டேன். முன்னாலாவது மோட்டாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் நின்றுபோனது.

இதற்கு நடுவில், என் படத்துக்கு ஆலோசனை சொல்ல ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெரிய எடிட்டருக்குக் காட்சிகளை அனுப்பியிருந்தேன். அவர் வீடியோ காலில் வந்து துள்ளிக் குதித்தார். அந்த கேட் காட்சிதான் படத்தின் முடிவு என்றார். தம்பி திரும்பிப் போகிறார், அக்கா தலை குனிந்திருக்கிறாள், அங்கேயே வெட்டிவிடுங்கள், அவள் கேமராவைப் பார்ப்பதற்குள். அவர் சொன்னதை அப்படியே செய்தேன். படம் அமர்க்களமாக இருந்தது. ஒரு வாரம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒருவரையும் நான் திரும்ப வைக்கவில்லை, எல்லாம் தானாக நடந்தது. ஆனால் எட்டாவது நாள் நானே பாதியில் நிறுத்திவிட்டேன். ஒருவரை வாங்க என்று கேட்க முடியாமல் தவித்த என் அத்தையை, கேட்கத் தெரியாத கல் நெஞ்சுக்காரியாக ஆக்கி வைத்திருந்தேன். ஜன்னல் பக்கத்தில் கல்யாணப் பெண்ணை ஏழு தடவை நிறுத்தியபோதுகூட நான் இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாண வீடியோவிலிருந்து வந்த ஒரு பழக்கம் உண்டு. தாலி கட்டி முடிந்த உடனே கேமராவை நிறுத்திவிட்டால், அதற்கப்புறம் பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது போய்விடும். அதனால் எதை எடுத்தாலும் முடிந்த பிறகு மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் நிறுத்துவேன். எடிட்டிங்கில் அந்தப் பத்தையும் முதலில் வெட்டி எறிவோம், அது வால். அத்தை படத்திலும் அப்படி நூற்றுக்கணக்கான வால்களை வெட்டி ஒதுக்கியிருந்தேன். ஒரு மத்தியானம் அதையெல்லாம் எடுத்து வரிசையாக ஒட்டி ஓடவிட்டேன்.

“போதுங்க அத்தை” என்கிறது என் குரல். அத்தை கையைச் சேலையில் துடைக்கிறாள். “ஆச்சா? இப்பச் சொல்லலாமா?” பால்காரருக்கு. வண்டிக்காரருக்கு. மோர் கேட்டு வந்த அம்மாவுக்கு ஓடியே போகிறாள். ஒரு இடத்தில் வெள்ளாட்டுக்குட்டி ஒன்று வந்து நிற்கிறது, அதைக் காட்டியும் கேட்கிறாள், என்னைக் கேலி செய்கிறாள். நான் சிரிக்கிறேன், கேமரா ஆடுகிறது. முருங்கைத் தோட்டத்தைவிட, பறிப்பதையும் கட்டுவதையும்விட, அத்தை முழுசாக இருந்தது இந்த வால்களில்தான்.

கடைசியில் அப்பா வந்த காட்சி வந்தது. அதை நூறு தடவை பார்த்திருந்தும் அன்றைக்குத்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. மற்ற எல்லாருக்கும் நான் போதும் என்று சொல்லும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அப்பாவுக்கு மட்டும் நான் சொல்வதற்குள் ‘ஆச்சா’ என்று கேட்டுவிட்டாள். கேமரா ஓடும்போதே. வகுப்பெடுத்த நாளிலிருந்து அந்த ஒரே ஒரு தடவைதான் அத்தை என் சட்டத்தை மீறியிருந்தாள்.

நான் கேமராவை இறக்கியிருந்தேனே தவிர நிறுத்தியிருக்கவில்லை. படத்தில் என் செருப்பும் செம்மண்ணும் சிதறின முருங்கைக்காயும் மட்டும் தெரிகின்றன. குரல் தெளிவாகக் கேட்கிறது. நண்பர் மைக்கை இறக்காமல் பிடித்திருந்தார்.

படத்தை முதலிலிருந்து மறுபடி வெட்டினேன். முதல் நாள் எடுத்த, என்னை அழவைத்த அந்த வாங்க மழையோடு படம் ஆரம்பிக்கும். நண்பரின் “வந்தனுங்க” ஒன்றுகூடக் குறையாமல். அதற்குப் பிறகு நான் எடுக்கிற வகுப்பு, அதற்குப் பிறகு வால்கள். ஆலோசகருக்கு அனுப்பினேன். இது வீட்டு வீடியோ மாதிரி இருக்கிறது என்று வருத்தத்தோடு எழுதினார். வீட்டு வீடியோதான் என்று பதில் போட்டேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அந்த வெளிநாட்டுப் படத்தைப் பார்த்த அதே மாடி ஹாலில் திரையிட்டார்கள். வாசலில் நின்று வந்தவர் எல்லாரையும் ஆள் விடாமல் வாங்க சொன்னேன். கல்யாணத்தில் பெண் வீட்டார் நிற்கிற மாதிரி நிற்கிறீர்கள் என்று நண்பர் சிரித்தார். அத்தை தாராபுரத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அப்பாவை அம்மா இழுத்துக்கொண்டு வந்தார். நான் “வாங்கப்பா” என்றேன். “ம்” என்றார். கதவுப் பக்கம் கடைசி வரிசையில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டை.

படம் தொடங்கியது. முதல் வாங்கவுக்கே ஹாலில் சிரிப்பு. பத்தாவது வாங்கவுக்குப் பின்னாலிருந்து யாரோ “வந்தனுங்க” என்று குரல் கொடுத்தார்கள், ஹாலே சிரித்தது. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பு வந்தபோது புருவத்தை நெரித்தார். பால்காரர் வால் வந்தபோது சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். மோர் அம்மா வந்தபோது முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்குட்டிக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

பிறகு கேட். திரையில் அப்பா நிற்கிறார். அத்தை கட்டுகிறாள், அவிழ்க்கிறாள். அதுவரை எத்தனையோ பேருக்குப் பொறுத்திருந்த அத்தை, பொறுக்க முடியாமல் நேராகத் திரையிலிருந்து எங்களைப் பார்த்தாள். “அம்மணி, ஆச்சா? இப்பச் சொல்லலாமா?” படம் சரிந்து மண்ணுக்கு வந்தது. செருப்பு. முருங்கைக்காய்.

“வா சாமி. வா.”

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இருட்டில், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“வந்தனுங்க்கா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் அத்தை திரும்பவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சின்ன வயசில் அவரை எப்படி அதட்டியிருப்பாளோ அப்படியே அதட்டினாள்.

“சித்த நேரம் சும்மா உக்காரு சாமி. படம் ஓடுது.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, படம் முடிந்து விளக்குப் போடுகிற வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை.